வெறும் கிளாஸ் சத்தம்

கிட்ட வந்து உட்காருங்கள் தம்பி. இன்னும் கொஞ்சம் கிட்ட. கச்சான் காற்று அடிக்கிறது பாருங்கள், நான் சொல்வதில் பாதியை அது தின்றுவிடும். அந்த மஞ்சள் கேனை ஏன் மடியிலேயே வைத்திருக்கிறீர்கள்? பிள்ளையா அது? கீழே வையுங்கள். மீன்துறை ஆபீசிலிருந்து வருகிறவர்கள் பேப்பர்தான் கொண்டுவருவார்கள், நீங்கள் கேன் கொண்டுவந்திருக்கிறீர்கள். இந்தாருங்கள் டீ. காசெல்லாம் வேண்டாம், குடியுங்கள்.

அந்தக் கேன் யாருடையது என்றுதானே கேட்டீர்கள்? கஸ்பாருடையது. சந்தேகமே வேண்டாம். மூடியைத் திருகிப் பாருங்கள், உள்ளே சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்திருக்கும், தண்ணீர் இறங்காமல் இருக்க. பார்த்தீர்களா? ஒரு கேனுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடுகிற ஆள் இந்தத் துறையில் அவன் ஒருவன்தான். அதோ, கல்லுச்சுவர் முனையில் சட்டை போடாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறானே, அவனேதான். அவனிடமும் கேட்டிருப்பீர்கள். வாயைத் திறந்திருக்க மாட்டான். எங்கள் படகு வயர்லெஸ்ஸில் பேசாமல் போனதிலிருந்து அங்கேதான் கிடக்கிறான். சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டில் தோற்ற ஆத்திரம் தம்பி. இன்னும் ஆறவில்லை.

வயர்லெஸ்ஸுக்கு என்ன, பேட்டரி இறங்கியிருக்கும். பெரிய படகு. தங்கு கடலுக்கு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற படகு. மீன் அள்ளக் கிடைக்கும்போது எவன் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருப்பான்?

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். மீன்பிடித் தடைக்காலம் தெரியும்தானே? தெரியாமல் என்ன, போடுகிறவர்களே நீங்கள்தானே. படகெல்லாம் கரையில் ஏறிவிடும். ஆம்பிளைகளுக்கு வேலை கிடையாது. வலை பின்னுவதாகச் சொல்லிவிட்டு வந்து, படகு நிழலில் சீட்டு ஆடுவார்கள். எனக்கு டீ ஓடும்.

இந்தத் தடைக்காலத்தில்தான் எங்கள் சம்மாட்டி, அதுதான், படகுக்குச் சொந்தக்காரர், மேற்குக் கரையிலிருந்து ஒரு பெரிய படகு வாங்கிக்கொண்டு வந்தார். பழைய மரப்படகுதான். மேலே ஃபைபர் போர்த்தி, பச்சையும் சிவப்புமாக பெயிண்ட் அடித்து நிறுத்தியபோது மாதா கோயில் சப்பரம் மாதிரி இருந்தது. தடை முடிந்து முதல் கடலுக்குப் போகிற படகுக்கு எவ்வளவு மீன் படும் என்று உங்களுக்கே தெரியும். அதில் ஏற ஊரே துடித்தது. டிரைவரும் சமையல்காரனும் சம்மாட்டியின் ஆட்கள். மிச்சம் ஆறு பேருக்குத்தான் இடம்.

போன வருஷம் ஆள் எடுத்தபோது அடிதடி. பிறகு பேர் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். சம்மாட்டியின் மச்சான் கைவேலை காட்டிவிட்டான் என்று அதற்கும் அடிதடி. இந்த வருஷம் சம்மாட்டிக்கு வெறுத்துவிட்டது.

"குலுக்கலும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்வே. எப்படியும் சீட்டுதான ஆடப்போறிய? ஆடித் தீத்துக்கோங்க. கடைசியா மிஞ்சுத ஆறு பேரு ஏறட்டும்" என்றுவிட்டார்.

சிரிக்காதீர்கள். எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சீட்டில் தோற்றவன் யாரையும் குறை சொல்ல முடியாது இல்லையா?

மூணு சீட்டு. ஆளுக்கு ஒரு சிரட்டை நிறையச் சோழி. ஒவ்வொரு கைக்கும் ஆளுக்கொரு சோழி நடுவில் போட்டாக வேண்டும். பிறகு சீட்டைப் பார்த்துவிட்டு மேலே போடலாம், இல்லை சீட்டை எறிந்துவிட்டு ஒதுங்கலாம். சிரட்டை காலியானால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவ்வளவுதான் சட்டம். இருபது பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். எங்கே? அந்தப் பெரிய படகையே கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள், அதன் வயிற்று நிழலில்தான்.

என் மகன் வியானியும் உட்கார்ந்தான். எனக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் பேசி, கோயிலில் இரண்டு ஓலை, அதுதான், கல்யாண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. ஒரு கடல் போய்விட்டு வந்தால் கல்யாணத்தைக் கையை ஏந்தாமல் நடத்திவிடலாம். அதனால் அந்த இடம் எங்களுக்கு வேண்டும் தம்பி. வேண்டும் என்றால் வேண்டும்.

வியானி இறுக்கமான ஆட்டக்காரன். சின்ன வயதிலேயே அப்படித்தான், மிட்டாயைக்கூட நக்கி நக்கி மூன்று நாள் வைத்திருப்பான். நல்ல சீட்டு வந்தால் ஒழிய ஒரு சோழியும் நகராது. இருபது பத்தானபோதும் அவன் சிரட்டை பாதிக்குக் குறையவில்லை. எனக்குப் பெருமைதான்.

கஸ்பார் அப்படி இல்லை. கூட்டமாக இருக்கும் மட்டும் பூனை மாதிரி இருந்தான். சீட்டை எறிவதும் பீடி இழுப்பதும்தான். பத்துப் பேரானதும் எழுந்து உட்கார்ந்தான். சீட்டைப் பார்த்தும் பார்க்காமலும் ஒரு கை சோழி அள்ளிப் போடுவான். எல்லாரும் எறிந்துவிடுவார்கள். நடுவில் கிடப்பதை வழித்துக்கொள்வான். மறுபடி போடுவான், மறுபடி வழிப்பான்.

டீ கொடுக்கும்போது கேட்டேன், "என்ன கஸ்பாரு, உனக்கு மட்டும் தினம் ராசாவும் ஆசுமா வருதோ?"

"சீட்டே வேண்டாம்க்கா இப்போ. பயம் போதும்."

"யாரு பயம்?"

"அவனுவ பயம்தான். கூட்டமா இருக்கையில எல்லாவனும் ஜெயிக்க ஆடுதான். இடம் கிட்ட வந்துட்டுல்லா, இப்போ ஒருத்தனும் ஜெயிக்க ஆடல. தோக்காம இருக்க ஆடுதான். இன்னொருத்தன் சிரட்டை எப்போ காலியாகும்னே பாத்துட்டு இருக்கான். அவன் முன்னால ஒரு கை அள்ளி வச்சா, ராணி ஜோடியையும் தூக்கி எறிஞ்சிருவான்."

"எல்லாவனுமா எறிவான்?"

"அதான் பாத்து அடிக்கணும். அடிச்சிரட்டைக்காரன்கிட்ட வம்புக்குப் போகப்படாது, அவனுக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்ல, கண்ணை மூடிட்டு கொட்டிருவான். நிறைச்சிரட்டைக்காரனும் அசையமாட்டான். பாதிச் சிரட்டைக்காரன் இருக்கான் பாருங்க, அவன்தான் நமக்குச் சாப்பாடு."

"அந்தப் பாதிச் சிரட்டைக்காரன் திருப்பிப் போட்டாம்னா?"

"எந்திரிச்சு ஓடிரணும்க்கா. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

என்னிடமே சொல்கிறான். என் மகன் பாதிச் சிரட்டையோடு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தும் சொல்கிறான். அவ்வளவு திமிர்.

ஒரு மத்தியானம். சீட்டுக் கலைக்கிற நேரத்தில் கஸ்பார் சும்மா இருக்காமல், தலைக்கு மேலே இருந்த படகு வயிற்றை விரல் முட்டியால் தட்டினான். தாளம் போடுகிற மாதிரி. எனக்குக் காது நல்ல காது தம்பி. கொதிக்கிற பாலின் சத்தத்திலேயே பொங்கப் போவது எப்போது என்று சொல்லிவிடுவேன். டொக் டொக் என்றது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினான், டொக். அப்புறம் ஒரு இடத்தில் 'பொத்' என்றது. ஊறிப்போன ரொட்டியைத் தட்டின மாதிரி. கஸ்பார் கையை எடுக்கவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டிருந்தான். முறை வந்தும் சீட்டை எடுக்கவில்லை.

அவன் தடைக்காலத்தில் மரப்படகுகளுக்குப் பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற வேலைக்குப் போகிறவன். அன்று சாயங்காலமே சம்மாட்டி வீட்டுக்குப் போனான். உள்ளே பலகை செத்துக் கிடக்கிறது, மேலே உள்ள ஃபைபர்தான் தாங்குகிறது, உரித்துப் பார்க்க வேண்டும் என்றானாம். "நான் மேற்க போயி வாங்கிட்டு வந்த படகை உரிச்சுப் பாக்கவாலே? சர்டிபிகேட் இருக்கு, போ" என்று சம்மாட்டி விரட்டிவிட்டார்.

மறுநாள் ஆட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான். "இந்தப் படகுல ஏறாதீங்கலே. கச்சானுக்கு நிக்காது இது."

அப்போது மிச்சம் எத்தனை பேர் தெரியுமா? ஏழு. இடம் ஆறு.

சிரித்த சிரிப்பு இருக்கிறதே! லாசர் என்று ஒருவன், அவன் டீயைத் துப்பிவிட்டான். "ஏழு பேரு ஆனதும் படகு அழுகிப்போச்சாம்! சோழியைக் காட்டிப் பயமுறுத்தினாரு, தீந்துபோச்சு, இப்போ படகைக் காட்டுதாரு. நீரு எறங்கிக்கிடும் அண்ணாச்சி, நாங்க ஆறு பேரும் அழுகின படகுலயே போயிக்கிடுதோம்!"

"எறங்குதேன். நீயும் எறங்கு."

"பாத்தியளா, பாத்தியளா! நான் எறங்குனதும் இவரு ஏறிக்கிடுவாரு."

நானும் சிரித்தேன். பின்னே? எத்தனை நாளாக வெறும் கையை வைத்துக்கொண்டு எல்லாரையும் விரட்டின ஆள். அவன் முகத்தைப் பார்த்தால் எது நிஜம் எது பொய் என்று அந்தோணியாருக்கே தெரியாது. எப்போதும் ஒரே முகம்தான்.

அதற்கப்புறம்தான் அவன் புத்தியைக் காட்டினான். மற்ற எல்லாரையும் விட்டுவிட்டான். என் மகனையே குறிவைத்தான். வியானி ஒரு சோழி வைத்தால் இவன் ஒரு கை அள்ளி வைப்பான். வியானி எறிவான். அடுத்த கை, அதற்கடுத்த கை, அதேதான். லாசரோடு மோதமாட்டான், மற்றவர்களோடு மோதமாட்டான். மாமா மாமா என்று தோளில் தொங்கிக்கொண்டு திரிந்த பிள்ளை தம்பி! அவனை உட்காரவைத்துச் சோழி சோழியாகக் கறந்தான். வியானி சிரட்டையின் அடி தெரிந்துவிட்டது. என்ன பகையோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "என் பிள்ளை மேல உனக்கு என்னடே வஞ்சம்? வேற ஆளே கிடைக்கலியா?"

"ஆறு பேரையும் எறக்க என்னால ஆகாதுக்கா. ஒருத்தனையாவது எறக்கணும்" என்றான். எப்படி நெஞ்சழுத்தம் பாருங்கள்! தாய் முகத்துக்கு நேரே!

அப்போதுதான் நானும் முடிவெடுத்தேன். உனக்குக் கண் என்றால் எனக்குக் காது.

டீ கொடுக்கிறவளுக்கு எந்தக் கிளாஸில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். டீ இருக்கிற கிளாஸை உறிஞ்சினால் ஒரு சத்தம். வெறும் கிளாஸை உறிஞ்சினால் வேறு சத்தம், காற்றுச் சத்தம். கஸ்பார் கையில் சீட்டு இருந்தால் கிளாஸைத் தொடமாட்டான். வெறும் கையோடு மிரட்டும்போது கிளாஸை எடுத்து உறிஞ்சுவான். உள்ளே சொட்டு டீ இருக்காது! முகம் மறைக்கத் தெரிந்தவனுக்கு உதட்டை மறைக்கத் தெரியவில்லை. எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் தெரியுமா, தப்பவே தப்பாது.

வியானிக்குச் சோறு போடும்போது சொன்னேன். "ரெண்டு கிளாஸை நான் மோதவிட்டா, அவன் கையில ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். எறியாத. இருக்கதைப் பூரா போடு."

"கள்ள ஆட்டம்லாம்மா அது?" என்றான் பிள்ளை.

"டீக்கடைக்காரி கிளாஸ் கழுவுனா சத்தம் வராதாலே?"

நீங்களே சொல்லுங்கள் தம்பி, அதில் என்ன கள்ளம்?

மறுநாள் கஸ்பார் ஒரு கை அள்ளி வைத்துவிட்டு வெறும் கிளாஸை உறிஞ்சினான். நான் கிளாஸ் கழுவினேன். வியானி இருந்ததைப் பூராவும் தள்ளினான். காட்டினால் கஸ்பாரிடம் ஒன்றுமே இல்லை. வியானியிடம் எட்டில் ஒரு ஜோடி. சிரட்டை இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம். மறுபடி இரண்டு மடங்கு. லாசர் எழுந்து கூத்தாடினான். "வியானி, ஒனக்குள்ள எந்தப் பேயிலே பூந்துச்சு?"

கஸ்பார் வியானியைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு தன் கிளாஸைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னை. என் கை தன் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருந்தது.

கடைசிக் கை. இருவர் சிரட்டையும் கிட்டத்தட்டச் சமம், வியானியுடையது ஒரு விரல் கூட. கஸ்பார் சீட்டைப் பார்த்தான். கவிழ்த்து வைத்தான். சிரட்டையோடு தூக்கி நடுவில் கவிழ்த்தான். கிளாஸை எடுத்தான். என்னைப் பார்த்துக்கொண்டே, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, வெறும் கிளாஸை உறிஞ்சினான். நீளமாக. எனக்காகவே உறிஞ்சின மாதிரி.

வியானி சீட்டை மடக்கிக் கீழே கொண்டுபோனான். எறியப்போகிறான் என்று தெரிந்தது. நான் கிளாஸை மோதினேன்.

வியானி தள்ளிவிட்டான்.

கஸ்பார் திருப்பினான். மூன்றும் ஆட்டின். ஆசு வைத்த கலர்! திருட்டுப்பயல், நான் கேட்கிறேன் என்று தெரிந்துகொண்டு, நல்ல சீட்டை வைத்துக்கொண்டே வெறும் கிளாஸை உறிஞ்சியிருக்கிறான். என் காதை வைத்தே என் பிள்ளையை வெளியே தள்ளப் பார்த்திருக்கிறான். வியானி சீட்டைக் காட்டினான். நாலு, அஞ்சு, ஆறு. சின்ன வரிசை. ஆனால் வரிசை வரிசைதானே? கலரை வரிசை அடித்துவிடும். தனியாக விட்டிருந்தால் என் பிள்ளை அதைப் பயந்து எறிந்திருப்பான். எனக்குத் தெரியும். நான்தான் எறியவிடவில்லை. நான் பெற்ற பிள்ளைக்கு நானே இடம் வாங்கிக் கொடுத்தேன் தம்பி. இந்த ஊரில் எந்தத் தாய் செய்திருக்கிறாள்?

பயல்கள் வியானியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கஸ்பார் மட்டும் உட்கார்ந்திருந்தான். கிளாஸ் எடுக்கப் போனேன்.

"நல்ல காதுக்கா உங்களுக்கு" என்றான். "ஒரே ஒரு தடவை அந்தக் காதை இங்க வையுங்க." எழுந்து படகின் வயிற்றைத் தட்டினான். டொக். கொஞ்சம் தள்ளி, பொத்.

"கேட்டுதா?"

"கேட்டுது. தோத்துப்போனவன் தட்டுனா அப்படித்தான் கேக்கும்" என்றேன். சும்மா விடுவேனா? ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன் அதை.

ஏன் தம்பி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டீர்கள்? ஆறிப்போயிற்றா? மாற்றித் தருகிறேன்.

தடை முடிந்தது. படகு கிளம்புகிற அன்று காலையில் துறை முழுக்கக் கூட்டம். சாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். வெடி போட்டோம். அந்த நேரம் பார்த்துக் கஸ்பார் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வருகிறான். வண்டி நிறைய எண்ணெய்க் கேன். காலிக் கேன்! வெள்ளை, நீலம், என்னென்னவோ. எல்லாம் கழுவி, மூடிக்கு உள்ளே டியூப் வெட்டி வைத்து. கிடுகிடுவென்று படகில் ஏறி, ஒவ்வொருவன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கேனைக் கட்டுகிறான்.

லாசர் விடுவானா? "அண்ணாச்சி, இடம்தான் கிடைக்கலைன்னா ஒம்ம குப்பையாவது கடலுக்குப் போகட்டும்னு ஏத்துதீரோ?"

டிரைவர் கத்தினான், வலை இழுக்க இடைஞ்சல் என்று. கஸ்பார் குனிந்து குனிந்து கட்டினான். கடைசியாக வியானி படுக்கிற இடம், பின்பக்கம், வலை சுற்றுகிற மெஷினுக்கு அருகில். அங்கே மஞ்சள் கேன். ஒரே மஞ்சள் அதுதான். கூட்டத்தில் தெரியட்டும் என்று அவனுக்கு மட்டும் மஞ்சள்.

ஆமாம், இதேதான். இதேதான் தம்பி, வேறென்ன. தெற்கே வலை போட்டவர்கள் எடுத்துக் கொடுத்தார்களா? என் பிள்ளையை எனக்குத் தெரியாதா, படுக்கிற இடத்தில் ஒரு துரும்பு கிடந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. இடைஞ்சலாக இருக்கிறது என்று அவிழ்த்து எறிந்திருப்பான். கயிற்றைப் பாருங்களேன், அறுந்திருக்கிறதா? இல்லை. வெட்டினதா? அதுவும் இல்லை. நுனி அப்படியே இருக்கிறது. கையால் அவிழ்த்ததுதான். மற்ற கேன்களும் இப்படி ஒவ்வொன்றாக ஒதுங்கும் பாருங்கள், எல்லாரும் எறிந்திருப்பார்கள்.

இதை எப்படி முடிச்சுப் போட்டிருந்தது என்றுதானே கேட்டீர்கள்? அது கஸ்பார் போட்ட முடிச்சு. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மஞ்சள் கேனைக் கட்டி முடித்தான். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தான், ஒரே இழுப்பு, மொத்தமும் அவிழ்ந்து கேன் கையோடு வந்துவிட்டது. மறுபடி கட்டினான். வியானி சிரித்துக்கொண்டே நின்றான். அவன் கையைப் பிடித்து, அந்த நுனியில் வைத்து, கண்ணை மூடச் சொன்னான். "இருட்டுல கைக்குத் தெரியணும்லே. இழு" என்றான். வியானி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். அவிழ்ந்தது. "இன்னொரு தடவை" என்று மறுபடி கட்டினான். வியானி மறுபடி கண்ணை மூடி, தடவித் தடவி நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தான். அவிழ்ந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கஸ்பார் மூன்றாவது தடவையும் குனிந்து கட்டினான், கட்டிவிட்டுக் கரையில் குதித்தான்.